புள்ளியியல் குரூப்பை எடுக்கும் முன் கணக்கைச் சரிபாருங்கள்

கடலூரில் நான் படித்த மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வரும் கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்பில் புள்ளியியல் பாடம் உள்ள இரண்டு குரூப்புகளையும் எடுத்துவிடப் போவதாகப் பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. இந்தக் குரூப்புகளின் சராசரி மதிப்பெண் மற்றவற்றைவிடக் குறைவு. கருத்துக் கேட்டதில் பெரும்பாலான பெற்றோர் கம்ப்யூட்டர் பாடங்களையே விரும்புகிறார்கள். பாடம் எடுத்த ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார்.

மூன்றாவது காரணம் எனக்குப் புரிகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் இரண்டும் தப்பு. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் பள்ளியின் புள்ளியியல் வகுப்புதான். அதனால்தான் உங்களுக்கு மட்டும் ஒரு கடிதம் போட்டுவிட்டு இருக்காமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. உங்களுக்கும் என்னோடு படித்தவர்களுக்கும் தெரிந்தால் போதும்.

முதலில் சராசரி மதிப்பெண். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு வரும் பிள்ளைகளை அட்மிஷன் மேசையில் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதிக மதிப்பெண் என்றால் பயோ-மேத்ஸ். அடுத்த வரிசைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். "எங்க இடம் இருக்கோ அங்க போடுங்க சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பாவின் பிள்ளைக்குப் புள்ளியியல். நான் சேர்ந்த காலத்திலும் இதே வழக்கம்தான். இப்படிப் பிரித்து அனுப்பிவிட்டு, இரண்டு வருடம் கழித்து குரூப் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளியியல் குறைவாகத்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்? அந்த வித்தியாசம் பிள்ளைகள் பாடத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே இருந்தது.

நான் இப்போது புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆய்வுப் பிரிவில் புள்ளியியலாளராக வேலை பார்க்கிறேன். முதுகலை படிக்கும் மருத்துவர்கள் தீசிஸ் தரவோடு வருவார்கள். பாதிப் பேர் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, "ஏதாவது ஒரு டெஸ்ட் போட்டு பி மதிப்பை 0.05-க்குக் கீழே கொண்டுவந்து குடுங்க மேடம்" என்பார்கள். (அதற்குக் கீழே வந்தால் முடிவு வெறும் தற்செயல் இல்லை என்று ஏற்றுக்கொள்வது வழக்கம்.) அது தனிக் கதை. ஒருமுறை ஒருவர் ஆறாத புண்ணுக்கு இரண்டு வகை மருந்துக்கட்டுகளை ஒப்பிட்டுக் கொண்டுவந்தார். புதிய வகை தோற்றுப்போயிருந்தது. நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் காரணம் முதல் பக்கத்திலேயே இருந்தது. புண் மோசமாக இருந்தவர்களுக்கெல்லாம் 'புதுசைப் போட்டுப் பார்ப்போம்' என்று புதியதைப் போட்டிருக்கிறார்கள், லேசான புண்ணுக்குப் பழையது. மருந்தின் மேல் குற்றமே இல்லை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. குலுக்க முடியாத இடத்தில், ஒரே அளவு புண் உள்ளவர்களையாவது ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

உங்கள் சுற்றறிக்கையில் இருப்பதும் இதே பிழைதான். நியாயமாகப் பார்க்க வேண்டுமென்றால், பத்தாம் வகுப்பில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் எடுத்து வெவ்வேறு குரூப்பில் சேர்ந்த பிள்ளைகளைத் தேடி எடுத்து, பன்னிரண்டில் யார் எவ்வளவு ஏறினார்கள் என்று பாருங்கள். அதற்கான பதிவேடுகள் உங்கள் அலுவலக பீரோவிலேயே இருக்கின்றன.

அடுத்தது, பெற்றோரிடம் கருத்துக் கேட்டது. என் அக்காவின் போனில் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். 'எதிர்கால வேலைவாய்ப்புள்ள கம்ப்யூட்டர் மற்றும் செயற்கை நுண்ணறிவுப் பாடங்கள் வேண்டுமா, புள்ளியியல் வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துவிட்டீர்கள். அதுவும் வாட்ஸாப் குழுவில், இரண்டு நாள் கெடு வைத்து. துறைமுகத்தில் விடியற்காலை வலை இழுக்கிறவரும், சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவரும் அந்தப் படிவத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறந்து நிரப்பியவர்கள் வேறு வகைப் பெற்றோர். அவர்கள் சொன்னதை 'பெற்றோர் கருத்து' என்று மொத்தமாக எழுதிவிட்டீர்கள்.

பதினோராம் வகுப்பில், எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் எடுத்துக் கேட்கும் கூறெடுப்புப் பாடத்தின்போது எங்கள் ஆசிரியர் 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிச் சொல்வார். ஒரு வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று அச்சிட்டார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் இருந்து முகவரி எடுத்திருந்தார்கள், அந்தக் காலத்தில் அது வசதியானவர்களின் பட்டியல். அதிலும் பதில் அனுப்ப அக்கறை இருந்தவர்கள் மட்டும்தான் அனுப்பினார்கள். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைவிட யாரிடம் கேட்டோம் என்பது முக்கியம் என்று சொல்லிவிட்டு, எங்களை ஒரு சனிக்கிழமை காலையில் கடலூர் பழைய நகரின் (ஓ.டி.) துறைமுகத்துக்கு அழைத்துப்போனார்.

அந்தக் காலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எடுக்கப்போகும் பாடத்தில் என்ன நடந்தது என்று நிர்வாகக் குழுவில் பலருக்குத் தெரியாது. மத்தி கிலோ என்ன விலை என்று கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் தோழி நேராகப் போய் அவள் அத்தையிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். "சொந்தக்காரங்க கூடையில மட்டும் கேட்டா அது கணக்கெடுப்பு இல்லம்மா" என்று அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார் ஆசிரியர். வரிசையாக உட்கார்ந்திருந்த கூடைக்காரம்மாக்களுக்கு எண் போட்டு, துண்டுச் சீட்டைக் குலுக்கி, வந்த எண்ணுக்குரியவரிடம்தான் கேட்க வேண்டும். மீன் வாங்காமல் விலை மட்டும் கேட்டதற்கு நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பி வந்து கரும்பலகையில் ஐந்து விலைகளை எழுதினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 80, 90, 90, 100, 240. கடைசிக்காரம்மா ஐஸில் வைக்காத காலை மீன் என்று அடித்துச் சொன்னவர். கூட்டுச் சராசரி 120 வருகிறது. ஆனால் நாலு பேர் 100-க்கும் கீழேயோ 100-க்கோ விற்கிறார்கள். வரிசையில் நடுவில் நிற்கும் விலை, அதாவது இடைநிலை, 90. ஊரில் மத்தி என்ன விலை என்று கேட்டால் எதைச் சொல்வாய் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். அப்புறம் மே மாத விலையையும் கொண்டுவரச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறும். ஜனவரி விலையோடு மே விலையை ஒப்பிட்டு 'விலைவாசி ஏறிவிட்டது' என்று எழுதியவனுக்கு, போன மே மாதத்தோடு ஒப்பிடு என்றார். காலத்தொடர் பாடத்தில் பருவகால மாறுபாடு என்று வரும் பகுதி எங்களில் ஒருவருக்கும் அதன் பிறகு மறக்கவில்லை.

இதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே அவர் சொந்தமாகச் செய்த கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். மாநிலப் பாடநூலிலேயே கூறெடுப்பு, நிகழ்தகவு, பரவல்கள் பதினொன்றில் வருகின்றன. பன்னிரண்டில் மிகைகாண் சோதனைகள் (கண்ட வித்தியாசம் தற்செயலா என்று பார்ப்பது), மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்பது), தொடர்புப் போக்கு (ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணிப்பது), குறியீட்டெண்கள், காலத்தொடர், பிறப்பு இறப்புக் கணக்குகள் வரை போகிறது. பல கல்லூரிகளில் இளங்கலை இரண்டாம் ஆண்டில் நடத்துவதை, தமிழ் வழியில், அரசு அச்சிட்ட புத்தகத்தில் 17 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இதே தரத்திலான ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) புள்ளியியல் 1997-இல்தான் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் பள்ளி இறுதியில் வரும் ஏ-லெவல் கணிதம் எடுக்கும் எல்லாருக்கும் 2017 முதல் புள்ளியியல் கட்டாயம். அங்கெல்லாம் சேர்க்கிறார்கள், நாம் கையில் இருப்பதை எடுக்கிறோம்.

சுற்றறிக்கையில் 'செயற்கை நுண்ணறிவுக்கு இடம் கொடுக்கவே இதை எடுக்கிறோம்' என்ற வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. செயற்கை நுண்ணறிவின் அடிப்படையான இயந்திரக் கற்றலில், பெரும்பாலான வகுப்புகளில் தொடக்கத்திலேயே சொல்லித்தருவது மீச்சிறு வர்க்க முறையில் (புள்ளிகளிலிருந்து விலகல் மிகக் குறைவாக இருக்கும்படி) ஒரு நேர்கோட்டைப் பொருத்துவதுதான். அது நம் தொடர்புப் போக்குப் பாடம். சென்னை ஐ.ஐ.டி. இணைய வழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் அடிப்படை நிலையிலேயே புள்ளியியலுக்கு இரண்டு தாள்கள். அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு மாடி கட்டுகிறோம் என்கிறீர்கள்.

சரி, படித்தால் எங்கே போகலாம்? பெற்றோர் கேட்பது இதைத்தான், கேட்பதில் தவறில்லை. அட்மிஷன் மேசையில் இதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

கணிதம், இயற்பியல், வேதியியலோடு புள்ளியியல் எடுத்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் வழி அடைபடாது. கவுன்சலிங் கட்-ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான். நான்காவது பாடம் கணக்கிலேயே வராது. பல பெற்றோருக்கு இது தெரியாது. கலை அறிவியல் பக்கம் போனால் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி என்று சென்னையில் பி.எஸ்சி. புள்ளியியல் படிக்க இடங்கள் உண்டு. பட்டமேற்படிப்புக்கு நம் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது, பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். என்ற இளங்கலைப் படிப்பு கொல்கத்தாவில். 2024 முதல் புள்ளியியல் தரவு அறிவியலில் ஒரு நான்காண்டுப் பட்டமும் தொடங்கியிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு கடினம்தான், மறைக்கவில்லை.

வேலை என்று கேட்டால், யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. புள்ளியியலைப் பாடமாகக் கொண்ட பட்டம் இல்லாதவர்கள் அதை எழுதவே முடியாது, அதனால் போட்டி போடுகிறவர்கள் கூட்டமும் வேறு. மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பன்னிரண்டில் கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தேர்வு வைக்கிறது. காப்பீட்டுத் துறையில் இழப்பு வாய்ப்பைக் கணக்கிடும் ஆக்சுவரி என்றொரு தொழில் இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. தேர்வுகள் வருடக்கணக்கில் இழுக்கும், ஆனால் முடித்தவருக்கு வேலை தேடும் பாடு இல்லை. மருத்துவ ஆய்வு என் துறை. புதுச்சேரியிலேயே கொசு, யானைக்கால் ஆய்வுக்கென்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம் 1975-லிருந்து இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் ஆய்வைத் திட்டமிடும் முதல் நாளிலிருந்தே புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும். 2007-இல் கணிதத்துக்கான ஏபல் பரிசு வாங்கிய சீனிவாச வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்ததும் புள்ளியியல் ஆனர்ஸ்தான். எல்லாரும் வரதன் ஆகப்போவதில்லை, அது எனக்கும் தெரியும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன எந்தப் படிப்புக்கும் பன்னிரண்டில் புள்ளியியல் கட்டாயமில்லை, கணிதம் போதும். ஆனால் பன்னிரண்டில் இதைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை, கல்லூரி விண்ணப்பத்தில் புள்ளியியல் என்ற வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. வீட்டில் யாரும் கல்லூரி போகாத பிள்ளைக்கு வேறு யார் சொல்வார்கள்? என் வகுப்பில் இருந்த பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். நானும்தான்.

வேலைக்குப் போகாவிட்டாலும் இது கைகொடுக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் நாணமேடு, குண்டு உப்பலவாடி வரை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நூறு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற வெள்ளம், இனி நம்ம காலத்துல வராது" என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டு அதே பள்ளத்தில் மறுபடி வீட்டுக்கடனுக்கு எழுதிப்போட்டார்கள். அது உண்மையிலேயே நூறாண்டு வெள்ளம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அர்த்தம், எந்த ஆண்டிலும் வருவதற்கு வாய்ப்பு 1 சதவீதம், வராமலிருக்க 0.99. 30 ஆண்டுக் கடன் முடியும்வரை ஒருதரம்கூட வராமலிருக்க 0.99-ஐ 30 முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 0.74. ஆக, கடன் அடைபடும் முன் ஒருமுறையாவது வீட்டுக்குள் தண்ணீர் வர வாய்ப்பு 26 சதவீதம், நாலில் ஒரு பங்குக்கும் மேல். போன வருடம் வந்தது என்பதால் அடுத்த வருடம் வராது என்று தண்ணீருக்குத் தெரியாது. இந்தக் கணக்குக்குப் பதினோராம் வகுப்பு நிகழ்தகவு போதும். கடலூர் மாதிரி ஊரில் இதைப் படித்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தாலே நல்லது.

என் அக்கா மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தாள். என்னைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, "எனக்கு ஸ்டாட்ஸ் குரூப் வேணும் சித்தி" என்று அவளாகத்தான் சொன்னாள். நல்ல மதிப்பெண். மேசையில் இருந்த ஆசிரியர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்டாட்ஸா? இவ்ளோ மார்க் வெச்சுக்கிட்டு ஏம்மா? அது இந்த வருஷத்தோட இல்ல. பயோ-மேத்ஸ் போடு" என்று படிவத்தில் அவரே டிக் அடித்துக் கொடுத்தார். என் அக்கா ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் படிவத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.

புதுச்சேரியில் சேர்த்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். அங்கே அரசுப் பள்ளிகள் எல்லாம் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அந்தப் பாடத்திட்டத்தில் மேல்நிலையில் புள்ளியியல் தனிப் பாடமாகவே இல்லை. பயன்பாட்டுக் கணிதம் என்று ஒன்று இருக்கிறது, அதில் புள்ளியியலுக்குச் சில அலகுகள் வருகின்றன, ஆனால் அதை எடுத்தால் வழக்கமான கணிதத்தை எடுக்க முடியாது. அதாவது எல்லையில் இருக்கும் கன்னியகோயிலைத் தாண்டினால் அரசுப் பள்ளியில் இந்தப் பாடமே கிடையாது. இந்தப் பக்கம் இருப்பது நம்மிடம்தான்.

இனி ஆசிரியர் விஷயம். ஓய்வு பெற்ற இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வருவது நிர்வாகம் மட்டும் நினைத்து நடக்கும் காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணிதத்துக்கு முதுகலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முன்பு இயற்பியலுக்கு ஆள் இல்லாதபோது பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவரைப் போட்டுத்தான் ஓட்டினீர்கள். இயற்பியலுக்கு முடிந்தது இதற்கு ஏன் முடியாது என்பதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை.

நான் கேட்பது இவைதான். சுற்றறிக்கையை வரும் கல்வியாண்டுக்கு நிறுத்திவையுங்கள், இரண்டு குரூப்பில் அறிவியல் குரூப்பையாவது தொடருங்கள். வணிகவியல் குரூப்பைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் மாணவர் பெயரில்லாமல் கொடுத்தால், எந்தக் குரூப் பிள்ளைகளை எவ்வளவு ஏற்றிவிட்டது என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். முடிவு எனக்கு எதிராக வந்தாலும் அதை அப்படியே பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கச் சம்மதம். கருத்தை மறுபடி கேளுங்கள். வாட்ஸாப் வேண்டாம், ஒன்பது பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்த பெற்றோரிடம், சாய்வில்லாத ஒரு கேள்வியாக, நேரிலோ போனிலோ கேளுங்கள். மதிப்பெண் பார்த்து இந்தக் குரூப்புக்குத் தள்ளும் வழக்கத்தையும், நல்ல மதிப்பெண்ணோடு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். மேசையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு மேலே சொன்ன படிப்புகளையும் தேர்வுகளையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள், அதை நான் தயார் செய்து தருகிறேன். ஆசிரியர் கிடைக்கும்வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒருவரை நியமியுங்கள். அதுவரை சனிக்கிழமைகளில் வந்து பாடம் எடுக்க நானும் என்னோடு படித்த இருவரும் தயார், சம்பளம் வேண்டாம்.

பதினோராம் வகுப்புச் சேர்க்கை முடியும் முன் எழுத்தில் பதில் தாருங்கள். என் அக்கா மகளின் படிவம் அதற்காகத்தான் காத்திருக்கிறது.

இப்படிக்கு,
புள்ளியியல் குரூப்பின் முன்னாள் மாணவி,
கடலூர்